குடியை விட்டவர்கள் கூடும் இடத்தில் சாமி படம் இருக்கலாமா?

மாடிப்படி (திரி தொடங்கியவர்)

தண்டையார்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், வியாழன்தோறும் ராத்திரி எட்டு மணிக்கு, குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடுகிறோம். ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பின் முறையைப் பார்த்து நாங்களாக நடத்துவது, ஏஏ-வில் பதிவு செய்த குழு இல்லை. பதினாலு பேர் வருவோம். நான் விட்டு நாலு வருஷம் ஆகிறது.

போன வாரம் புளியந்தோப்பிலிருந்து ஒருவர் புதிதாக வந்தார். பாய் வீட்டுப் பிள்ளை, முப்பது வயசு இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் சுவரில் முருகன் படத்தையும் கீழே எரிந்த விளக்கையும் பார்த்தார். நாங்கள் வழக்கம்போல் எழுந்து நின்று பாட்டுப் பாடினோம். அவரும் நின்றார். கையைக் கட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் கர்ச்சீப்பை மடித்துக்கொண்டே இருந்தார். விபூதித் தட்டு அவரிடம் வந்ததும், "தப்பா நினைக்காதீங்கண்ணா, போன் வருது" என்று இறங்கிப் போனார். போன் ஒன்றும் வரவில்லை. பாட்டு முடிந்து நான் கீழே போய்ப் பார்த்தபோது தெருவில் ஆள் இல்லை.

படம், விளக்கு, பாட்டு மூன்றும் வேண்டாம் என்கிறேன். தொடக்கத்தில் ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் பேசும்போது அவரவர் சாமியைப் பற்றி அவரவர் பேசலாம், சாமி இல்லை என்பவர் அதையும் சொல்லலாம். குழுவில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

காசிமேடு கடலோடி

ஒத்துக்கொள்ளாத பாதியில் நானும் ஒருத்தன். இங்கேயும் அதையே சொல்கிறேன்.

நான் லாஞ்சுக்குப் போகிறவன். போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நடுக்கடலில் ராத்திரி பக்கத்தில் இருக்கிறவன் பாட்டிலைத் திறந்தால் அங்கே வியாழக்கிழமைக் கூட்டம் கிடையாது, சிக்னல் கிடையாது, அண்ணனும் கிடையாது. அந்த வாசனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முருகா முருகா என்று சொல்லியே எத்தனை ராத்திரியை விடிய வைத்திருக்கிறேன் தெரியுமா? ஒரு நிமிஷம் அமைதி என்கிறீர்கள். என் மண்டை அமைதியானால் முதலில் உள்ளே வருவது குவாட்டர்தான்.

ஒருத்தர் எழுந்து போனார் என்று, மற்றவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிற கயிற்றை அறுப்பீர்களா?

வியாசை பையன்

என் சித்தப்பாவும் அந்தக் கயிற்றைப் பிடித்தவர்தான். வருஷா வருஷம் மலைக்கு மாலை போடுவார். 41 நாள் ஒரு சொட்டு கிடையாது, தெருவே மெச்சும். மாலையைக் கழற்றிய சாயங்காலம் கடை வாசலில் நிற்பார். 41 நாள் தடுத்த சாமி 42-ஆம் நாள் எங்கே போனார்?

நீங்கள் பார்த்து நடத்தும் ஏஏ-விலேயே இந்தச் சண்டை பழசு. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஆரம்பித்தவர்கள் ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் வழியே வந்தவர்கள். 1939-இல், குடியை விட ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளையும் புத்தகமாக அச்சிட்டபோது, ஜிம் பர்வெல் மாதிரி கடவுள் நம்பிக்கை இல்லாத ஆட்கள் உள்ளேயே மல்லுக்கு நின்றார்கள். அதனால்தான் 'கடவுள்' என்று வரும் இடத்தில் 'நாங்கள் புரிந்துகொண்டபடி' என்பதும் ஒட்டிக்கொண்டது. 2011-இல் டொராண்டோவில், படிகளிலிருந்து கடவுளை எடுத்துவிட்டு நடத்திய குழுக்களை அந்த ஊர் ஏஏ கூட்டங்களின் பட்டியலிலிருந்தே தூக்கினார்கள். திரும்பச் சேர்க்க 2017 ஆனது.

படத்தை மட்டும் கழற்றினால் போதுமா? இரண்டாம் படியில் 'நம்மைவிடப் பெரிய சக்தி' உட்கார்ந்திருக்கிறதே? டாக்டரிடம் போங்கள், மாத்திரை இருக்கிறது, கவுன்சலிங் இருக்கிறது. அங்கே யாரும் விபூதித் தட்டை நீட்டுவதில்லை.

ஓட்டேரி பாய்

தம்பி, உங்கள் சித்தப்பா தனியாள் இல்லை. ரமலான் மாசம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு, பெருநாள் ராத்திரியே ஆரம்பித்தவன் நான்.

அந்தப் பையன் கோபத்தில் போயிருக்க மாட்டான். எங்களுக்குக் குடிப்பது என்பதே வீட்டில் வாய் திறக்க முடியாத விஷயம். ஒருவழியாகத் துணிந்து வந்தால், அங்கே விளக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. குடிக்கிறான் என்பதோடு இதுவும் தெரிந்தால் வீட்டில் அவன் எதற்கென்று பதில் சொல்வான்? இது முருகன் படத்தோடு முடிகிற கதையும் இல்லை. நான் முதலில் போன இடத்தில் கண்ணை மூடி ஜெபம் செய்யச் சொன்னார்கள். நானும் போன் வருது என்றுதான் எழுந்தேன்.

கொருக்குப்பேட்டை அக்கா

41 நாளைப் பற்றி எல்லாரும் சுலபமாகப் பேசுகிறீர்கள். என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருஷம் தினமும் குடித்தவர். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் நாள் கை நடுக்கம், வேர்வை. மறுநாள் ராத்திரி சோற்றில் கை வைத்தபடியே வலிப்பு வந்து சாய்ந்தார். மூணாம் நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று துண்டால் அடித்துக்கொண்டிருந்தார். சாமி வந்திருக்கிறது என்று மாமியார் விபூதி பூசினார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிறகுதான் விஷயமே புரிந்தது. வருஷக்கணக்காகத் தினம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகுமாம், உயிரே போகலாமாம். டாக்டர் பார்வையில் மருந்து கொடுத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டுத்தான் நிறுத்த வேண்டுமாம்.

படம் இருக்கட்டும், போகட்டும். முதல் தடவை வருகிறவரிடம், தினமும் குடிப்பீர்களா, கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று யாராவது கேட்கிறீர்களா?

இன்னொன்று. எங்கள் தெருவில் மீன் விற்கிற இரண்டு பேர் குடிக்கிறார்கள், பெண்கள். பதினாலு ஆண்களுக்கு நடுவில், ராத்திரி எட்டு மணிக்கு, அவர்கள் எந்த மாடிக்கு ஏறுவார்கள்? சாமிக்கு இவ்வளவு பேர் வாதாடுகிறீர்கள், இதை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

மாடிப்படி

கேட்பதில்லை அக்கா. அந்தப் பையனிடமும் கேட்கவில்லை. மூன்று நாளாக அதுவே மண்டையில் ஓடுகிறது. இந்த வாரத்திலிருந்து கதவுப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து முதலில் அதைக் கேட்பார், தேவைப்பட்டால் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பகலில் அறை காலியாக இருக்கிறது. ஆனால் நான் நடத்த முடியாது, நீங்கள் யாராவது முன்னால் நின்றால் சாவியைத் தருகிறேன்.

வியாசைத் தம்பிக்கு: மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தையும் லேசாக ஒதுக்காதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு ஒன்று 2020-இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நோயாளியை ஏஏ-வில் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறையான சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற பேச்சுச் சிகிச்சைகளைவிட நன்றாகவே வேலை செய்தது.

வியாசை பையன்

செய்தது சாமியா, சேர்க்கையா? அந்தத் தொகுப்பை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கெல்லி இதையும் ஆராய்ந்திருக்கிறார். பலருக்கும் பெரும்பங்கு உதவியது, குடிக்கிற கூட்டாளிகள் போய்க் குடிக்காத கூட்டாளிகள் வந்ததுதான். ஆன்மீகம் கொஞ்சம் எடை பெற்றது ரொம்ப முற்றிப்போனவர்களிடம்.

காசிமேடு கடலோடி

அந்த ரொம்ப முற்றிப்போனவன் நான்தான் தம்பி. ஆராய்ச்சியிலேயே வந்திருக்கிறேன் பாருங்கள்.

வியாசை பையன்

சரி அண்ணே, அதை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். எனக்கு வேறு ஒரு சந்தேகம். அந்தப் படத்தை மாட்டியது யார்?

மாடிப்படி

வாடகை கொடுக்கிறவர். மாசம் 2,800. எங்களில் ஒருவர் இல்லை, பக்கத்துத் தெருவில் திருவிழாக் கமிட்டியில் இருக்கிறார். நல்ல மனுஷர், நாங்கள் கேட்காமலே கொடுத்தார். படத்தையும் அவரேதான் கொண்டுவந்து மாட்டினார்.

வியாசை பையன்

இதை முதல் பதிவிலேயே போட்டிருக்கலாமே! இவ்வளவு நேரம் வாடகையை வைத்துக்கொண்டு சாமியைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம். ஏஏ-வின் ஏழாவது மரபு வெளியாள் பணம் வாங்காதே என்று சொல்வது இதற்காகத்தான். பணம் கொடுப்பவர் நல்லவரோ இல்லையோ, சுவர் அவருடையது ஆகிவிடும். நாளைக்கு ஒரு சர்ச்சில் இலவசமாக ஹால் கொடுத்தால் அங்கே வேறு படம். பதினாலு பேர், ஆளுக்கு 200. முன்பெல்லாம் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

காசிமேடு கடலோடி

கேட்காதீர்கள்.

என் 200 உண்டு. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம், லாஞ்ச் கரையில் கிடக்கும், அப்போது கையில் காசு இருக்காது. அதனால் அந்த மாசங்களுக்கு முன்கூட்டியே கட்டிவிடுகிறேன். கமிட்டிக்காரரிடமும் நானே பேசுகிறேன், அண்ணன் போனால் அவர் மனசு கஷ்டப்படும். ஆனால் படத்தைப் பேப்பரில் சுற்றிப் பரணில் போடக் கூடாது. அவர் திருப்பி வாங்கிக்கொள்ளாவிட்டால் லாஞ்சில் மாட்ட இடம் இருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் முருகா என்றுதான் சொல்வேன், வாய்விட்டே சொல்வேன்.

மாடிப்படி

சொல்லு. எல்லாரும் எழுந்து நில்லுங்கள் என்று மட்டும் சொல்லாதே.

ஓட்டேரி பாய்

அந்தப் பையனை நான் விசாரித்துப் பார்க்கிறேன். பேர் வேண்டாம், எந்தப் பக்கம் வேலை செய்கிறான் என்று தனியாகச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை அக்கா

சாவியை நான் வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வைப்போம். பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும்போது அவர்கள் இரண்டு பேரும் மாடியில் இருக்க வேண்டும்.