மறு: பெருநகர வீட்டு அனுமதிப் போக்கு – ‘கட்டட அனுமதி’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்க வீட்டுக் கட்டுமான எண்களைத் தமிழில் எழுத எந்தச் சொற்கள் பொருந்தும் என்ற நம் பேச்சில் எழுந்த கேள்விக்கு என் பதில் இது.

> ‘பில்டிங் பர்மிட்’டுக்குக் ‘கட்டட அனுமதி’ இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

அனுமதித் தாளுக்கு அந்தச் சொல் சரிதான், மாற்ற வேண்டியதில்லை. சிக்கல் எண்ணும் இடத்தில் வருகிறது. அமெரிக்கப் பெருநகர அறிக்கைகளில் ‘பர்மிட்’ என்று தலைப்புச் செய்தியாகும் எண் பெரும்பாலும் தாள்களின் எண்ணிக்கையே அல்ல. அந்தத் தாள்களின் பேரில் கட்டப்படவிருக்கும் வீடுகளின் எண்ணிக்கை. 200 வீடுள்ள அடுக்ககத்துக்குத் தாள் ஒன்றுதான், கணக்கில் ஏறுவதோ 200. தனிவீட்டு அனுமதி படுத்துக் கிடக்கும் மாதத்திலும் ஒரே ஒரு பெரிய அடுக்ககத்தால் மொத்தம் எகிறிவிடும். அப்போது ‘கட்டட அனுமதிகள் உயர்ந்தன’ என்று எழுதினால், ஊரெங்கும் கட்டடம் எழும்புகிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

அதனால் எண்ணுக்கு ‘அனுமதி பெற்ற வீடுகள்’ என்பது என் முன்மொழிவு. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “அமெரிக்கா முழுவதும் அனுமதி பெற்ற வீடுகள் 2005இல் ஏறத்தாழ 21.5 லட்சம், 2009இல் 5.8 லட்சம்தான்.” தடுமாற்றமே இல்லை. ‘குடியிருப்பு அலகு’ என்பதில் கோப்பு வாடை அடிக்கிறது. ‘மனை’ வேண்டவே வேண்டாம், அது காலி நிலத்தைக் குறிப்பதாக நிலைத்துவிட்டது.

அடுத்து ‘ஸ்டார்ட்’, அதாவது கட்டத் தொடங்கிய வீடுகளின் எண்ணிக்கை. ‘கட்டுமானத் தொடக்கம்’ என்றால் பூமி பூஜையா, செங்கல் இறக்கிய நாளா என்று கேள்வி வரும். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் வரையறையோ தெளிவானது: அடித்தளத்துக்கு மண் தோண்டத் தொடங்கினால் வீடு தொடங்கியதாகக் கணக்கு. அடுக்ககமானால் அதிலுள்ள அத்தனை வீடும் அன்றைக்கே தொடங்கியவை. இந்த வேலைக்குக் கொத்தனார் வாயில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: கடைக்கால் தோண்டுவது. ‘வானம் தோண்டுவது’ என்பதும் அதுதான், ஆனால் பழக்கமில்லாதவருக்கு ஆகாயம்தான் நினைவுக்கு வரும். எனவே ‘கடைக்கால் தோண்டிய வீடுகள்’. அனுமதி பெற்றவை, கடைக்கால் தோண்டியவை, கட்டி முடிந்தவை என்று மூன்று கட்டமும் ஒரே சீரில் அமைந்துவிடும். அனுமதி வாங்கியும் கடைக்கால் தோண்டாமல் கிடப்பவற்றைத் தனியே சொல்லவும் வழி பிறக்கும். வட்டி ஏறும் காலத்தில் அந்த எண்தான் நிலவரத்தைக் காட்டும்.

‘மாநகரம்’, ‘பெருநகரப் பகுதி’ இரண்டையும் கலக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முன்னது ஒரு நகர நிர்வாகத்தின் எல்லை. பின்னது சுற்றுவட்டார ஊர்களும் சேர்ந்தது. புதுத் தனிவீடுகள் பெரும்பாலும் அந்த விளிம்பு ஊர்களில்தான் எழுகின்றன.

‘சீசனலி அட்ஜஸ்டட் ஆனுவல் ரேட்’ மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. குளிர்காலச் சரிவு போன்ற வழக்கமான ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டு, இந்த மாத வேகம் ஆண்டு முழுக்க நீடித்தால் எவ்வளவு வரும் என்று காட்டும் எண் அது. ‘பருவம் நீக்கிய’ வரை சரி. ‘ஆண்டு வீதம்’ என்றால் சதவீதம் என்று நினைத்துவிடுவார்களே? ‘ஆண்டுக்கணக்கு’ என்று போடலாமா? புள்ளியியல் கற்பிப்பவர்கள் சொல்லுங்கள்.