பொருள்: போத்தாக்களும் சூமாக்களும் – ‘சர்நேம்’ என்பதற்கு ஒரு சொல்

[ச. எழுதியது]

அன்பர்களுக்கு வணக்கம்.

தெற்கு ஆப்பிரிக்க அரசியலாளர்களையும் விளையாட்டாளர்களையும் பெயர்வாரியாகத் தொகுக்கும் பக்கங்களுக்குத் தலைப்பு வைப்பதில் சிக்கல். ‘சூமா (குடும்பப்பெயர்)’ என்று இட்டால் அதன்கீழ் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் சூமாவும் கோபன்ஹேகன் கழகத்துக்கு ஆடிய கால்பந்தாளர் சிபுசிசோ சூமாவும் வருகிறார்கள். ஒரே வீட்டுக்காரர்கள் என்று வாசகர் நினைத்துக்கொள்கிறார். பட்டியலில் வருவோரைக் ‘குடும்பப்பெயரைப் பகிர்ந்துகொள்பவர்கள்’ என்கிறோம். அது தமிழாகவே இல்லை. தலைப்புக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று என இரண்டு சொற்கள் வேண்டும்.

[இரா. மறுமொழி]

> ஒரே வீட்டுக்காரர்கள் என்று வாசகர் நினைத்துக்கொள்கிறார்

நினைக்கத்தான் செய்வார். தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியில் அது குடும்பப்பெயரே அன்று. ‘இசிபோங்கோ’ என்பது குலத்தின் பெயர். ஒரே இசிபோங்கோ உடைய ஆணும் பெண்ணும் மணந்துகொள்வது மரபில் இல்லை, உறவு எத்தனை தலைமுறை தள்ளிப்போயிருந்தாலும் சரி. நம் பேச்சில் சொன்னால் பங்காளி முறை. கொங்கு நாட்டில் கூட்டம் செய்கிற வேலையை அங்கே இசிபோங்கோ செய்கிறது. ஆகவே இதற்குக் ‘குலப்பெயர்’ என்பதே பொருத்தம்.

‘குடும்பம்’ என்ற சொல் எவ்வளவு தூரம் திசைதிருப்பும் என்பதற்கு எசுவாத்தினி (முன்பு சுவாசிலாந்து) ஒன்றே போதும். 1968 விடுதலைக்குப் பின் அங்கே தற்காலிகப் பொறுப்பு வகித்தோரை விட்டுவிட்டால் பிரதமர்கள் எல்லாருமே டிலாமினிகள்: மகோசினி, பர்னபாஸ் சிபுசிசோ, ஆம்புரோஸ், கிளியோப்பஸ், ரசல் எனப் பலர். அரச குலத்தின் பெயரும் டிலாமினிதான். பிரதமரை அக்குலத்திலிருந்து அமர்த்துவது வழக்கம். இதைக் குல ஆட்சி என்றால் விவாதிக்கலாம். குடும்ப ஆட்சி என்றால் பிழை. எல்லைக்கு இப்பால், தென்னாப்பிரிக்காவிலும் டிலாமினிகள் ஏராளம். ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத்துக்கு 2012 முதல் 2017 வரை தலைமை வகித்த இங்கொசாசானா டிலாமினி-சூமாவின் பெயரில் இரண்டு குலங்கள் சேர்ந்தே நிற்கின்றன, பிறந்தது ஒன்று, புகுந்தது ஒன்று.

தென்னாப்பிரிக்காவின் இன்னொரு மொழியான கோசாவில் இரண்டும் தனித்தனி. குலப்பெயர் ‘இசிடுகோ’, பதிவேட்டில் எழுதும் பெயர் ‘இஃபானி’, ஆப்பிரிக்கான்சு மொழியின் ‘ஃபான்’ என்ற சொல்லிலிருந்து போனது. மண்டேலா என்பது பாட்டனார் பெயர், அதாவது இஃபானி. மடிபா என்பது இசிடுகோ. மடிபாவைச் செல்லப்பெயர் என்று நம் இதழ்கள் எழுதுவதை இனியாவது நிறுத்தலாம். அது மதிப்போடு விளிக்கும் பெயர். சூலுவில் இப்படி விளிக்கும் புகழ்ப்பெயருக்கு ‘இசிதாகசெலோ’ என்று பெயர். சூமா குலத்தவரை ‘உம்ஷொலோசி’ என்றும், குமாலோ குலத்தவரை ‘உம்துங்வா’ என்றும் அழைப்பார்கள். பக்கத்தில் இதற்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும். செய்தித் தலைப்பில் ‘உம்ஷொலோசி’ என்று மட்டும் வந்தால் ஆளைப் பிடிக்க வேறு வழியில்லை.

சிம்பாப்வேயின் ஷோனா மக்களிடம் ‘முதுபோ’. மானிடவியலில் நாம் ஏற்கெனவே புழங்கும் ‘குலக்குறி’ (டோட்டம்) அதற்கு அப்படியே பொருந்தும். மோயோ என்றால் இதயம். அக்குறியினர் இதய இறைச்சி உண்ணக்கூடாது என்பது விலக்கு. ஆனால் ஷோனாக்கள் எல்லாரும் குலக்குறியைப் பெயரின் பின்னால் போட்டுக்கொள்வதில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர் முகாபேயின் பெயர் குலக்குறி அன்று; அவரை ‘குஷுங்கோ’ என்று விளித்ததுதான் முதலைக் குறியைச் சேர்ந்த புகழ்ப்பெயர். மறுபுறம், அவருக்குப் பின் குடியரசுத் தலைவரான உம்னங்காக்வாவை ‘முதலை’ என்பது குலக்குறியே அன்று, 1964இல் இயங்கிய முதலைக் குழு என்ற கெரில்லா அணியால் ஒட்டிய பட்டப்பெயர். இரண்டு முதலைகளையும் ஒரே பட்டியலில் போட்டுவிடாதீர்கள்.

[ம. எழுதியது]

இரா. ஐயா சொன்னது கறுப்பின மக்களின் பெயர்களுக்குச் சரி. போத்தாவுக்கு என்ன செய்வது? தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் முதல் பிரதமர் லூயி போத்தா, பின்னாளில் குடியரசுத் தலைவராக இருந்த பி. டபிள்யூ. போத்தா, 1977 முதல் 1994 வரை வெளியுறவு அமைச்சராக இருந்த பிக் போத்தா, ரக்பியில் நாஸ் போத்தாவும் 2007 உலகக் கோப்பை வென்ற அணியின் பாக்கீஸ் போத்தாவும், கிரிக்கெட்டில் சுழற்பந்து வீசிய ஜொஹான் போத்தா. 1999இல் உள்ளரங்க உலகப் போட்டியில் 800 மீட்டர் வென்றவரும் ஜொஹான் போத்தாதான், ஆனால் வேறு ஆள். இவர்களுக்குக் குலமும் இல்லை, மண விலக்கும் இல்லை. பெயர் 17ஆம் நூற்றாண்டில் கேப் பகுதியில் குடியேறிய ஒருவரிடமிருந்து கிளைத்தது.

அப்படி முதலில் வந்திறங்கியவரை ‘ஸ்டாம்ஃபாடர்’ என்பார்கள். நம்மிடம் கொடிவழி என்ற சொல் இருப்பதால் ‘கொடிமுதல்வர்’ என்று முன்மொழிகிறேன். கேப் குடும்பங்களின் கொடிவழியை எழுத டி வில்லியர்ஸ்–பாமா முறை இருக்கிறது: கொடிமுதல்வர் ‘ஏ’, பிள்ளைகள் ‘பி’, பேரர் ‘சி’, எழுத்தை அடுத்த எண் பிறந்த வரிசை. ‘பி3சி2’ என்றால் மூன்றாவது பிள்ளையின் இரண்டாவது பிள்ளை. இதை அ, ஆ, இ என்று மாற்றினால் மூலப் பதிவேட்டோடு ஒப்பிட முடியாமல் போகும். எழுத்துப்பெயர்ப்பாகவே இருக்கட்டும்.

டி வில்லியர்ஸ் பெயரில் கொடிமுதல்வர் ஒருவரல்லர், 1689இல் வந்த மூன்று உடன்பிறந்தோர். இரத்த வழியும் பெயர் வழியும் எப்போதும் ஒன்றாகப் போகா. அடிமைமுறை இருந்த நாட்டில் எசமானர் பெயரும் தொற்றும். கிரிக்கெட்டின் ஏ. பி. டி வில்லியர்ஸும், 2008இல் ஸ்பிரிங்பாக் எனும் தென்னாப்பிரிக்க ரக்பி அணிக்கு வெள்ளையர் அல்லாத முதல் பயிற்சியாளரான பீட்டர் டி வில்லியர்ஸும் ஒரே பட்டியலில் வரத்தான் வேண்டும். உறவினர் என்று மட்டும் எழுதக்கூடாது.

[வே. எழுதியது]

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதித் தமிழரையும் தெலுங்கரையும் மறந்துவிட்டீர்கள். 1860 முதல் சென்னையிலிருந்து போன கப்பல்களின் பட்டியலில் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஊரில் பட்டமாகவும் சாதிப்பெயராகவும் இருந்தவை அங்கே பரம்பரைப் பெயராக இறுகிவிட்டன: நாயுடு, பிள்ளை, நாயக்கர், படையாட்சி. காந்தியோடு சத்தியாகிரகத்தில் நின்ற தம்பி நாயுடுவும் மண்டேலா அமைச்சரவையில் இருந்த ஜே நாயுடுவும் ஒரே பெயர் என்பதால் எந்த உறவும் பெறப்படாது. இது குலப்பெயரும் அன்று, கொடிமுதல்வரும் இல்லை.

எழுத்துப்பெயர்ப்பில் ஒரு பொறி. 1947இல் மருத்துவர் மூவர் ஒப்பந்தத்தில் அங்குள்ள இந்தியக் காங்கிரசுத் தலைவர்களான மான்டி நாயக்கரோடும் யூசுஃப் தாதூவோடும் கையெழுத்திட்ட ஏ. பி. க்சூமா, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசுத் தலைவர். அவர் பெயரின் முதல் ஒலி நாக்கின் பக்கவாட்டில் சொடுக்கும் ஒலி. ‘சூமா’ என்று எழுதினால் ஜேக்கப் சூமா பக்கத்தில் போய் விழுவார். ‘க்சூமா’ என்றே இருக்கட்டும்.

அதுபோல யானையைக் குறிக்கும் பெயருக்கு முன்னால் ஓர் உயிரெழுத்து வேண்டும், ‘ண்ட்’ என்று தமிழ்ச்சொல் தொடங்காது. இதில் நாம் எதையும் கூடுதலாக ஒட்டவில்லை: சூலுவில் யானை ‘இண்ட்லோவு’தான், ஆள்பெயர் ஆகும்போதே ‘இ’ உதிர்கிறது. சிம்பாப்வே கால்பந்தாளரைப் பீட்டர் இண்ட்லோவு என்று துணிந்து எழுதலாம். இன்னொன்று, டாக்டர் குமாலோ: 1996 ஆப்பிரிக்கக் கோப்பை வென்ற தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணியின் நடுக்கள வீரர். டாக்டர் என்பது பெயர். ‘மருத்துவர்’, ‘முனைவர்’ என்று யாரும் திருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

[இரா. மறுமொழி]

வே. சொன்னபின் பொதுச்சொல்லில் குடும்பம், குலம், சாதி எதுவும் ஏறக்கூடாது என்று தெரிகிறது. ‘பின்பெயர்’: எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறது, எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை. அது முன்னால் நிற்கும் சீனப் பெயர்களுக்கு உதவாது. இந்தப் பக்கங்களுக்கு உதவும். ஆட்களுக்குப் ‘பெயரொத்தோர்’, ஒருமையில் ‘பெயரொத்தவர்’. ‘பங்காளிகள்’ என்று தனிமடலில் வந்த யோசனை சூமாக்களுக்கு அழகாகப் பொருந்தும், போத்தாக்களுக்குப் பொருந்தாது.

[ச. எழுதியது]

நன்றி. தலைப்பு ‘போத்தா (பின்பெயர்)’ என மாற்றுகிறேன். முதல் வரியில் வகை: குலப்பெயர், குலக்குறிப் பெயர், கொடிவழிப் பெயர், பட்டம் வழிவந்த பெயர். அடுத்து புகழ்ப்பெயர் இருந்தால் அது. பிறகு ‘பெயரொத்தோர்’, ஆண்டுவரிசையில். பிக், பாக்கீஸ் போன்றவை அழைபெயர்கள் என்பதால் முழுப்பெயர்களான ரூலொஃப் ஃபிரெடெரிக், ஜான் பிலிப் ஆகியவை உடன் வரும். ஆதம், பீட்டர் இண்ட்லோவு போல உடன்பிறந்தோர் என உறுதியாகத் தெரிந்தால் மட்டும் உறவுக் குறிப்பு.

டாவி டி வில்லியர்ஸ் 1965 முதல் 1970 வரை ரக்பி அணித் தலைவர், பின்னாளில் அமைச்சர், 1994இல் மண்டேலா அமைச்சரவையிலும் இருந்தார். அவரை அரசியலில் ஒருமுறை எழுதி, விளையாட்டுப் பகுதியில் ‘காண்க’ என்று மட்டும் போடுகிறேன். மறுப்பிருந்தால் இந்த இழையிலேயே சொல்லுங்கள்.