மறு: மீன்வளத்தில் ‘ரெக்ரூட்மென்ட்’: ‘ஆட்சேர்ப்பு’ வேண்டாமே

> அகராதியில் ஆட்சேர்ப்பு என்றுதானே இருக்கிறது? அதையே வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

நண்பர்களுக்கு வணக்கம். மீன்வள அறிவியலில் வரும் ‘ரெக்ரூட்மென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘ஆட்சேர்ப்பு’ வேண்டாம் என்கிறேன். அங்கே அது குஞ்சுகள் வளர்ந்து புதிதாக வந்து சேர்வதைக் குறிக்கும்.

‘எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் ஆட்சேர்ப்பு குறைந்தது’ என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்துப் பாருங்கள். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் குப்பத்துப் பையன்கள் கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அனல்மின் நிலையமும் துறைமுகமும் சுற்றி நிற்கிற ஊரில் அது வெறும் வேடிக்கையும் இல்லை.

சொல்லை விட்டுவிட்டு முதலில் இறாலைப் பார்ப்போம். நண்டைப் போல இது முட்டையை வயிற்றில் சுமந்து திரிவதில்லை. வெள்ளை இறாலும் வரி இறாலும் கடலில் லட்சக்கணக்கில் முட்டைகளைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். நாப்ளியஸ், புரோட்டோசோயா, மைசிஸ் என்று மூன்று இளம்பருவம். நாப்ளியஸுக்குத் தீனி வேண்டாம், கூடவே வந்த மஞ்சள்கருவிலேயே ஓட்டிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் இறாலின் உருவம் வந்து, நகக்கண் நீளத்துக்குக் குஞ்சாகி, கடல்நீர் ஏறும்போது அதோடு முகத்துவாரம் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்குள்ளோ பழவேற்காடு ஏரிக்குள்ளோ நுழையும். அங்கே சில மாதம் சேற்றில் மேய்ந்து வளர்ந்த பிறகு முட்டையிடத் திரும்பவும் கடலுக்கு. ஆயுள் மொத்தமே ஓரிரண்டு ஆண்டுதான். அதனால் ஒரு வருஷம் குஞ்சு வராவிட்டால் அடுத்த வருஷமே காசிமேட்டு மீன்சந்தைக் கூடையில் தெரிந்துவிடும்.

‘ரெக்ரூட்மென்ட்’ என்பது இந்தக் குஞ்சுகள் பிழைத்து வளர்ந்து, வலையில் சிக்கும் அளவுக்கு வந்து, மீன்வளக் கணக்கில் புதிதாகச் சேர்வது. பொரிந்த லட்சத்தில் எத்தனை என்பது இதில் பேச்சே இல்லை. எத்தனை வந்து சேர்ந்தது என்பதுதான் கணக்கு.

போன மடலில் ஒருவர் ‘வரத்து’ என்றார். நல்ல சொல்தான், ஆனால் சந்தைக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். ‘இறால் வரத்து குறைவு, விலை கிடுகிடு’ என்று செய்தித்தாளில் வருவது ஏலத்துக்கு வந்த சரக்கைப் பற்றி. விசைப்படகு வேலைநிறுத்தம் நடந்தாலும் வரத்து குறையும். கடலில் இறால் நிறைய இருக்கும்.

என் முன்மொழிவு ‘இளவரவு’. காரணம், மீன்வள அறிவியலே ஒரு வரவு செலவுக் கணக்குத்தான். 1931இல் ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் எழுதிய சமன்பாட்டில் புதிதாகச் சேர்வதும் உடல் வளர்ச்சியும் ஒரு பக்கம், தானாகச் சாவதும் பிடிபடுவதும் மறுபக்கம். செட்டியார் கடைப் பேரேட்டில் எழுதிவிடலாம்.

இந்த ஒரு சொல் சரியாக அமைந்தால் இன்னும் இரண்டு எளிதாகும். வளர விடாமல் சின்னதிலேயே அள்ளுவதைப் ‘பிஞ்சுப்பிடிப்பு’ எனலாம். தாய் இறாலையே தீர்த்துக்கட்டி அடுத்த தலைமுறைக்கு வழியில்லாமல் செய்வது வேறு. அது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குகிற வேலை, ஆகவே ‘விதைமுதல் அழிப்பு’.

ஆனால் எங்கள் ஊரில் நடப்பது இரண்டுமே இல்லை. கடலில் தாய் இருக்கலாம், முட்டையும் பொரியலாம். குஞ்சு நுழைய வேண்டிய வாயில் மண் மேடு. தாண்டி வந்தால் சாம்பல் படிந்த சேறு, சூடான கழிவுநீர். 2023 டிசம்பர் புயல் மழையில் எண்ணெயும் கலந்தது. இப்போது காக்கா ஆழி வேறு. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த சிப்பி, ஆற்றின் அடியில் பாய் விரித்தது போல மூடிக்கொள்கிறது. பகலில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் இறால் எங்கே புதையும்? கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களுக்கு விரலில் படுவது ஓடுதான். இதை ‘நாற்றங்கால் அழிவு’ என்று சொல்லிவிடலாம்.

‘வரத்து குறைவு’ என்று எழுதினால் மீனவர் அதிகமாகப் பிடித்துவிட்டார் என்று முடித்துவிடுகிறார்கள். ‘இளவரவு குறைவு’ என்று எழுதினால் ‘எங்கே தடைபட்டது?’ என்று கேட்டாக வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளை நிறுத்துவது தாய்க்கு உதவும். நாற்றங்காலுக்கு அதனால் என்ன?

எண்ணூரிலிருந்து

———

ஐயா, இளவரவு எனக்குச் சம்மதம், இளவரசு என்று அச்சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு சந்தேகம். ஆற்றுக்குள் நுழைவதையும் ஆங்கிலத்தில் ரெக்ரூட்மென்ட் என்கிறார்கள், வலைக்கு எட்டுவதையும் அப்படியே. நாமும் ஒரே சொல்லை வைத்தால் எதைச் சொல்கிறோம்? சென்னாக்கூனியையே இறால் குஞ்சு என்று நம்புகிறவர்கள் என் வீட்டிலேயே உண்டு. அது தனி இனம், வளர்ந்தாலும் கூனிதான் என்றால் கேட்பதில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து

———

அம்மா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஆற்றுக்குள் வருவதைக் ‘குஞ்சேற்றம்’ என்று பிரித்துவிடலாம். புதுவெள்ளத்தில் மீன் ஏறுகிறது என்றுதானே நம் பக்கத்தில் சொல்கிறோம்? இளவரவு வலைக்கு எட்டுவதற்கு மட்டும் இருக்கட்டும். அந்த வயதை ‘வலைப்பருவம்’ என்று வைத்திருந்தேன். ‘வாலைப்பருவம்’ என்று யாராவது திருத்திவிடுவார்களோ என்று பயந்து இந்த முறை அனுப்பவில்லை.

சென்னாக்கூனி விஷயத்தில் என் ஆயாவிடமே நான் தோற்றவன்.

இன்னொன்று பாக்கி. ஒரே சமயத்தில் பொரிந்து ஒன்றாக வளரும் கூட்டத்தை, அதுதான் ‘கோஹார்ட்’, ‘ஈடு’ எனலாமா? முதல் ஈடு, இரண்டாம் ஈடு. இட்லிக்கு மட்டும் அந்தச் சொல் போதும் என்கிறவர்கள் மாற்றுச் சொல்லோடு வரவும்.