உதவி: வீடியோ காலில் பம்ப் அலாரம் மட்டும் எதிர்ப்பக்கம் கேட்கவில்லை

வார்டு_அக்கா: அவசரம், நாளை மதியம் மறுபடி கிளாஸ். இன்னொரு கிளையில் சேர்ந்த புது ஸ்டாஃப்களுக்கு இன்ஃப்யூஷன் பம்ப் (நரம்பு வழியாக மருந்தை அளவாக ஏற்றும் மெஷின்) சொல்லிக் கொடுக்கிறேன். மருந்துக் குழாயில் இருக்கும் ரோலர் கிளாம்பை மூடி, அடைப்பு அலாரம் அடிக்க வைத்தேன். எனக்குக் காது கிழிகிறது, அவர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம். என்ன செய்வது?

கேபிள்காரன்: எந்த ஆப்? போனா, லேப்டாப்பா?

மழைத்துளி: நெட் வேகம்தான். எங்களுக்கும் இப்படித்தான், வைஃபையை விட்டுவிட்டு வயர் போட்டதும் சரியானது.

பழையவன்: ஆப் பெயர்கூடச் சொல்லாமல் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது? இதை எத்தனை தடவைதான் எழுதுவது. நெட் காரணமென்றால் பேச்சும் விட்டுவிட்டு வரும். பேச்சு வருகிறதா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

வார்டு_அக்கா: ஜூம், லேப்டாப். என் குரல் நன்றாகக் கேட்கிறதாம்.

பழையவன்: அப்போது இரைச்சல் நீக்கம்தான். பேச்சை வைத்துக்கொண்டு, மற்ற சத்தத்தை வெட்டுவதுதான் அதன் வேலை, ஒரே மாதிரி அடிக்கும் பீப் அதற்கு இரைச்சல். ஆடியோ செட்டிங்கில் 'ஒரிஜினல் சவுண்ட்' இருக்கும். செட்டிங்கில் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, மீட்டிங் திரையில் வரும் பட்டனையும் அழுத்த வேண்டும்.

ஐசியூ_நைட்: பம்பை வீடியோவில் கற்றுக்கொடுப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. கை பழகாமல் எப்படி?

கேபிள்காரன்: அவர்கள் பக்கம் ஒரு பம்ப் வைத்து, கேமரா முன்னால் திருப்பிச் செய்துகாட்டச் சொல்லலாமே.

ஐசியூ_நைட்: வரிசை தெரிகிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். சிபிஆரையே எடுங்கள், இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்பதைத் திரையைப் பார்த்தே எண்ணிவிடலாம். 5 சென்டிமீட்டர் இறங்குகிறதா என்பதை எப்படிப் பார்ப்பீர்கள்? பக்கத்தில் ஒரு சீனியர் நின்றே ஆக வேண்டும்.

மழைத்துளி: சீனியர் இல்லாத ஷிஃப்டில் இருப்பவர்கள் கற்காமலே இருக்க வேண்டுமா? எங்கள் இடத்தில் பாதி பேர் அப்படித்தான் இருக்கிறோம்.

ஐசியூ_நைட்: அது நியாயம்தான். ஆனால் வீடியோவில் பார்த்ததை வைத்துத் தனியாக நோயாளியிடம் விடாதீர்கள். அப்புறம் அக்கா, ஆளில்லாத அறையில் செய்யுங்கள். வார்டில் அடித்தால் யாராவது நிஜமென்று ஓடி வருவார்கள்.

வார்டு_அக்கா: கேட்டது! அலாரம் அடித்ததும் திரையில் எட்டுத் தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. கொஞ்சம் எக்கோ வந்தது, ஹெட்போன் போட்டதும் நின்றுவிட்டது. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, எல்லாருக்கும் நன்றி.