கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குப் போறோம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். கார்த்திகை மழை நல்லா பெஞ்சு நம்ம காரைக்குடி பக்கமே கண்மாயெல்லாம் கலுங்கு பாயுது, அப்ப கொல்லிமலையில அய்யாறு எப்படி கொட்டும்னு நெனச்சாலே இருப்பு கொள்ளல, அதான் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் திருச்சி வழியா கார்ல கெளம்புறோம். அறப்பளீஸ்வரர் கோயில்கிட்டருந்து பள்ளத்தாக்குக்குள்ள ஆயிரம் படிக்கு மேல எறங்கணுமே, பாசி புடிச்சு வழுக்குதா? தண்ணி ஜாஸ்தியானா உள்ள விடமாட்டாங்களே, இப்ப சமீபத்துல போனவங்க யாராச்சும் இருக்கீங்களா? கூட வர்ற ஒருத்தனுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கு, எப்படியும் வந்துருவேங்கிறான், திரும்ப ஏறுறத நெனச்சா எனக்குத்தான் பயமா இருக்கு, ஆனா அவன விட்டுட்டுப் போக மனசே இல்ல. நடுவுல உக்கார எடம் இருக்கா, இல்ல மாசிலா அருவியோட நிறுத்திக்கலாமா? அந்த 70 கொண்டை ஊசி வளைவுல மூடுபனி எப்ப விலகும்னும் சொல்லுங்க.