‘விடுப்பு’ என்றால் லீவு மட்டும்தானா?

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்:
ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தான் கண்ட விபத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறாள். மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்ததும், “ரோஜாக் கடையில் நின்றவர்களெல்லாம் விடுப்புப் பார்க்க ஓடி வந்தார்கள்” என்று ஒரு வரி. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோர் எழுதித் தருவதுதான் எனக்குத் தெரிந்த விடுப்பு. அவளோ, “அம்மம்மா வீட்டில் இப்படித்தான் சொல்வார்கள், டீச்சர்” என்று உறுதியாக நிற்கிறாள். சிவப்பு மை வைக்கும் முன் கேட்கிறேன்: இப்படி ஒரு வழக்கு உண்டா? ‘ஆர்வம்’ என்று திருத்தலாமா?

ஸ்காட் சாலைக்காரன்:
திருத்தாதீர்கள், டீச்சர். அது யாழ்ப்பாணத்துச் சொல். ரயில்வேக்கும் கிராணி (எழுத்தர்) வேலைக்கும் இங்கே வந்த எங்கள் பாட்டன்மாரோடு கப்பலேறி வந்தது. பிறர் காரியத்தை அறியத் துடிக்கிற ஆவல்தான் விடுப்பு. கூட்டத்தில் எட்டிப் பார்ப்பது விடுப்புப் பார்ப்பது. ஊர்க்கதை விசாரிப்பது விடுப்புக் கேட்பது. அளவு மீறினால், “விடுப்பு விண்ணாணம் பேசாதே” என்று அதட்டு விழும். (‘விஞ்ஞானம்’ தேய்ந்துதான் விண்ணாணம் ஆனது.) கந்தசுவாமி கோயில் திருவிழாவில் என் அம்மம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, எந்த வீட்டுப் பிள்ளை யாரோடு நிற்கிறது என்று பார்த்தபடி இருப்பார். பக்கத்தில் போய் உட்கார்ந்தால், “என்ன பிள்ளை, புது விடுப்பு?” என்பார்.

பட்டர்வொர்த் வாசகர்:
பினாங்கில் இதற்குக் ‘கேப்போ’ என்ற ஹொக்கியன் சொல்தான் எல்லா இனத்தார் வாயிலும். அதைக் கட்டுரையில் எழுத முடியாது. ‘துருவித் துருவிக் கேட்பது’ நல்ல தமிழ்தான், ஆனால் ஓடி வந்து நிற்கும் கூட்டத்துக்குப் பொருந்தாது. தேர்வுத் தாளை வேறொருவர் திருத்துவார். அங்கே ‘வேடிக்கை பார்க்க’ என்று எழுதச் சொல்லுங்கள்.

ஸ்காட் சாலைக்காரன்:
தேர்வுக்கு அது சரி. ஆனால் வேடிக்கை பார்ப்பவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். விடுப்புப் பார்ப்பவர், விழுந்தவர் யார் மகன், பின்னால் உட்கார்ந்திருந்த பெண் யார் என்பதையெல்லாம் அறியாமல் நகரமாட்டார்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. ‘ஆர்வம்’ இங்கே பொருந்தவே பொருந்தாது. கணக்கில் ஆர்வம் என்று பிள்ளையைப் பாராட்டும் சொல் அது. அவளுடைய அடுத்த வரி, “ஒருவரும் அந்த அண்ணனைத் தூக்கிவிடவில்லை.” அந்தக் கோபம் ‘விடுப்பு’ என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. வரியை அப்படியே விட்டு, தேர்வுக்காக ஓரத்தில் ‘வேடிக்கை’ என்று பென்சிலால் எழுதப்போகிறேன். மற்றப் பிள்ளைகளின் வீடுகளில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்றும் திங்கட்கிழமை கேட்கவேண்டும்.