ஜூபிலி பாலத்தில் எடுத்த பனோரமாவில் கம்பி உடைந்து தெரிகிறது: பனோ ஹெட் வாங்கணுமா?

ஈசூன் கேமரா:
வணக்கம். பல படங்களை ஒட்டி ஒரே படமாக்கும் பனோரமா விஷயத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சிங்கப்பூர் ஜூபிலி பாலத்தில் நின்று மரினா பே முழுவதையும் ஒரே நீளப் படமாக எடுக்கப் பார்க்கிறேன். இடது கோடியில் எஸ்பிளனேட், நடுவில் மரினா பே சாண்ட்ஸ், அடுத்து மெர்லயன், வலது கோடியில் ராஃபிள்ஸ் பிளேஸ் கட்டடங்கள். பிடிஓ (அரசு கட்டித் தரும் புது அடுக்குமாடி) வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. ஹால் சோபாவுக்கு மேலே ஒன்றரை மீட்டர் அகலத்தில் மாட்ட வேண்டும் என்று வீட்டில் உத்தரவு.

கையில் இருப்பது ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) மிரர்லெஸ் கேமரா, 24 மெகாபிக்சல், கூடவே வந்த 18-55 லென்ஸ், சாதாரண பால் ஹெட் (உருண்டை மூட்டுத் தலை) போட்ட லேசான டிரைபாட். படங்களை ஒட்டுவது லைட்ரூம் மென்பொருளில்.

பாலத்துக் கைப்பிடிக் கம்பி ஒவ்வொரு ஒட்டிலும் அறுந்து, கொஞ்சம் மேலேயோ கீழேயோ போய்த் தொடர்கிறது. தூரத்துக் கட்டடங்கள் ஒழுங்காகச் சேர்கின்றன. வானத்தில் பட்டை பட்டையாக வெளிச்சம், இருட்டு. தண்ணீர்க் கோடு வில்லாக வளைகிறது.

கடைக்காரர் "அல்ட்ரா வைடு லென்ஸ் வாங்குங்க, ஒட்டுற வேலையே இருக்காது" என்கிறார். நண்பர் பனோ ஹெட் (கேமராவை லென்ஸ் புள்ளியைச் சுற்றியே திருப்பும் டிரைபாட் தலை) என்கிறார். என்னிடம் இருப்பது 300 வெள்ளி. பின்னால் கோயில் மண்டபத்தையும் இப்படி எடுக்க ஆசை. எதை வாங்கலாம்?

தேக்கா டைம்பாஸ்:
போன்ல பனோரமா மோட் இருக்கே பாஸ். 300 வெள்ளிக்கு சோபாவுக்கு நல்ல குஷன் வாங்கிடலாம் 😄

ஈசூன் கேமரா:
பார்த்தாச்சு பாஸ். நடந்து போனவருக்கு மூன்று கால், கட்டட விளிம்பெல்லாம் மெழுகு மாதிரி. வாட்ஸ்அப்பில் அனுப்ப ஓகே, சுவரில் மாட்ட முடியாது.

மழைவிட்ட வானம்:
தம்பி, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு பார்த்துடுவோம்.

டிரைபாட் திருகுக்கும், லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையிற புள்ளிக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. முன்னாடி இருந்து லென்ஸைப் பார்த்தா அந்தத் துவாரம் எங்க இருக்கிற மாதிரி தெரியுதோ, அதுதான் கடையில நோடல் பாயிண்ட்னு சொல்ற இடம். இடைவெளி 10 செ.மீ.னு வைங்க. கேமராவை 30 டிகிரி திருப்பினா அந்தப் புள்ளி 5 செ.மீ. தள்ளிப் போயிடும். அதாவது ரெண்டு படத்தையும் 5 செ.மீ. தள்ளித் தள்ளி நின்னு எடுத்திருக்கீங்க.

கம்பி 1 மீட்டர் தூரத்துல இருந்தா, பின்னாடி இருக்கிற காட்சியோட ஒப்பிட அது 230 பிக்சல் நகரும் (உங்க 24 மெகாபிக்சல், 18 மி.மீ. கணக்கு). மரினா பே சாண்ட்ஸ் அங்கிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். அது நகர்றது கால் பிக்சல். அதான் கட்டடம் சேருது, கம்பி சேரல. எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் 230 பிக்சலை ஒழுங்கா மறைக்க முடியாது.

அதனால மரினா பேக்கு பனோ ஹெட் வேண்டாம். கம்பி படத்துல வராம நின்னா போதும். கோயில் மண்டபத்துக்குக் கண்டிப்பா வேணும், தூண் எல்லாம் ரெண்டடியில நிக்கும்.

வானத்துப் பட்டைக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்: எந்த மோட்ல எடுத்தீங்க? ஃபில்டர் ஏதாவது இருந்துச்சா? கேமராவை மேல சாய்ச்சீங்களா?

ஈசூன் கேமரா:
அண்ணே, அப்பர்ச்சர் மோட் (ஷட்டர் நேரத்தைக் கேமராவே முடிவு செய்யும்), ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், முன்னால் போலரைசர் ஃபில்டர். கட்டட உச்சி வெட்டுப்படக் கூடாதே என்று கொஞ்சம் மேலே சாய்த்தேன். கேமராவை நெட்டுக்குத்தாகத்தான் வைத்தேன்.

மழைவிட்ட வானம்:
வானத்துக்கு அங்கேயே பதில் இருக்கு. வலது கோடி மேற்குப் பக்கம். நீங்க அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப கேமரா தானா வெளிச்சத்தைக் குறைச்சுக்கும். போலரைசர் சூரியனுக்குச் செங்கோணத்துல இருக்கிற வானத்தை மட்டும்தான் நல்லா இருட்டாக்கும். 170 டிகிரி படத்துல அது நீலத் திட்டா உட்காரும். கழட்டிப் பையில போடுங்க.

மேனுவல் மோட், எஃப் 8, ஐஎஸ்ஓ 100. ஒயிட் பேலன்ஸ் ஏதாவது ஒண்ணுல நிலையா. ஃபோகஸ் ஒரு தடவை பிடிச்சிட்டு மேனுவலுக்கு மாத்திடுங்க. ரா ஃபைல். லைட்ரூம்ல லென்ஸ் புரொஃபைல் கரெக்ஷன் எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி ஆன், அப்பதான் ஓர இருட்டு ஒட்டுல கோடாத் தெரியாது. வெளிச்ச அளவு பார்க்கிறது வலது கோடியில, பிரகாசமான இடத்துல.

சாய்ச்சதுதான் வில்லுக்குக் காரணம். சாய்க்கத் தேவையே இல்ல: 18 மி.மீ. நெட்டுக்குத்தா வச்சா மேல 33 டிகிரி வரைக்கும் தெரியும். ராஃபிள்ஸ் பிளேஸ்ல உசரமானது 280 மீட்டர். 500 மீட்டர் தள்ளி நின்னா உச்சி 29 டிகிரிதான். கேமராவை மட்டமா வச்சு, கீழ வர்ற அதிகத் தண்ணியை அப்புறம் வெட்டிடுங்க.

பாலத்தையும் விட்டுடுங்க. ஆள் நடக்க நடக்க ஆடும், அந்தி நேரத்துல 4 செகண்ட் ஷட்டர் தாங்காது. எஸ்பிளனேட் பக்கம் தரையில இறங்கி, டிரைபாட்டைக் கரை ஓரமாவே வைங்க. கம்பி இருந்தா லென்ஸ் முனை கம்பியைத் தாண்டி நிக்கணும், இல்லாட்டி ரெண்டு கோடியிலயும் கம்பி நீண்டு வந்து நிக்கும். கேமரா வாரைக் கையில சுத்திக்குங்க, கீழ தண்ணி.

ஃபிலிம் காலத்து ஆள்:
கடைக்காரர் சொன்ன வைடு லென்ஸ் பற்றி யாரும் பேசவில்லை. ஏபிஎஸ்-சியில் 10 மி.மீ. போட்டாலும் கிடைமட்டமாக 99 டிகிரிதான் வரும், எஸ்பிளனேட் வெளியே போய்விடும். மேலும் கீழும் வெட்டினாலும் அகலம் அதே 6,000 பிக்சல்தான். ஒன்றரை மீட்டருக்கு அங்குலத்துக்கு 100 பிக்சல் மாதிரி. சோபாவில் இருந்து பார்த்தால் தெரியாது, எழுந்து கிட்டே போனால் தெரியும். கிட்டே போகாத விருந்தாளி உண்டா?

18 மி.மீ.யில் ஐந்து படம் ஒட்டினால் 14,000 பிக்சலை நெருங்கும். அங்குலத்துக்கு 230. தாராளம்.

வெட்டும் அளவுக்கு ஒரு யோசனை. 1998இல் ஹாசல்பிளாட் எக்ஸ்பேன் என்று ஒரு ஃபிலிம் கேமரா வந்தது, சாதாரண 35 மி.மீ. சுருளில் 24×65 மி.மீ. படம் எடுக்கும். அந்த விகிதம் சுவருக்கு நன்றாக உட்காரும். உங்கள் ஒன்றரை மீட்டருக்கு உயரம் 55 செ.மீ. அதைவிட நீட்டினால் படம் ரிப்பன்போல் ஆகிவிடும்.

ஆனால் 18 மி.மீ.க்குப் பதில் 35 மி.மீ.யில் எடுங்கள். ஜன்னல் விளக்குகள்வரை எண்ணலாம்.

மழைவிட்ட வானம்:
ஐயா, இதுல மட்டும் ஒத்துக்க மாட்டேன். 35 மி.மீ.ல ஒரு படத்துக்கு 25 டிகிரிதான், பக்கத்துப் பக்கத்துப் படம் மூணுல ஒரு பங்கு ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும்னா 170 டிகிரிக்குப் பத்துப் படம். மேல 18 டிகிரிதான் தெரியும், அதனால ரெண்டாவது வரிசை. மொத்தம் இருபது. நம்ம ஊர்ல 7 மணி சுமாருக்குச் சூரியன் இறங்கினா நீல வெளிச்சம் அரை மணிகூட நிக்காது. இருபதாவது படம் எடுக்கும்போது வானம் வேற நிறத்துல இருக்கும். பகல்ல எடுக்கிறதா இருந்தா நீங்க சொல்றது சரி.

ஃபிலிம் காலத்து ஆள்:
பகல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அந்திக்கு 18ஏ சரி. அப்படியானால் நீண்ட ஷட்டருக்கான நாய்ஸ் ரிடக்ஷனையும் அணைத்துவிடுங்கள் தம்பி. 4 வினாடி படத்துக்குப் பிறகு இன்னொரு 4 வினாடி கேமரா சும்மா உட்கார்ந்திருக்கும். டிரைபாட்டில் ஸ்டெபிலைசரும் வேண்டாம்.

காரிடார் அக்கா:
மண்டபம்னு சொன்னீங்களே, அந்தப் பகுதிக்கு நான் வர்றேன். முழு பனோ ஹெட் வேண்டாம். எல் பிராக்கெட் (கேமராவை நெட்டுக்குத்தா மாட்டுற எல் வடிவத் தகடு), ஒரு நோடல் ரெயில் (கேமராவை முன்னபின்ன நகர்த்துற பட்டை), பால் ஹெட்டுக்கு மேல போடுற சுழலும் கிளாம்ப், இந்த மூணும் போதும். எல்லாம் ஆர்கா வகையா (ஒரே மாதிரிப் பட்டை-கிளாம்ப் அமைப்பு) வாங்குங்க, ஒண்ணுக்கொண்ணு பொருந்தும். பெனின்சுலா பக்கம் கேமரா கடைகளைப் பார்த்துட்டு, அப்புறம் பழைய பொருள் விக்கிற கரோசெல் ஆப்லயும் ஒரு கண் வைங்க. 300 வெள்ளிக்குள்ள அடங்கும்.

கிளாம்ப் ஏன் மேலன்னா, உங்க பால் ஹெட் சுழல்றது அடியில. கால் கொஞ்சம் சாய்ஞ்சிருந்தாலும் திருப்பத் திருப்ப அடிவானம் அலையா வரும். கிளாம்ப் மேல இருந்தா, பால் ஹெட் உருண்டையை வச்சு ரசமட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டு வந்துட்டு, அதுக்கு மேல சுத்தலாம். டிரைபாட் காலோட மல்லுக்கட்ட வேண்டாம். எல் பிராக்கெட் இல்லாம பால் ஹெட்டைப் பக்கவாட்டுல மடக்கி நெட்டுக்குத்தா வச்சா, லென்ஸ் சுழலும் அச்சை விட்டே விலகிடும், ரெயில் போட்டும் பிரயோஜனம் இல்ல.

புள்ளியை வீட்டு காரிடார்லயே கண்டுபிடிக்கலாம். துணி காயப்போடுற மூங்கில் கம்பை ஒரு மீட்டர் தள்ளி நேரா நிறுத்துங்க. எதிர் புளோக்கோட ஓரக் கோடு கம்பை ஒட்டினாப்ல தெரியுற மாதிரி கேமராவை வைங்க. இப்ப கேமராவைத் திருப்பி, ரெண்டும் படத்தோட இடது ஓரத்துல வர்றப்ப ஒண்ணு, வலது ஓரத்துல வர்றப்ப ஒண்ணு, திரையில பெருசாக்கிப் பாருங்க. கேமராவை வலப்பக்கம் திருப்புறப்ப கம்பு கோட்டை விட்டு இடப்பக்கம் போனா, ரெயில்ல கேமராவைப் பின்னால இழுங்க. வலப்பக்கம் போனா முன்னால தள்ளுங்க. ரெண்டும் ஒட்டியே நிக்கிற இடத்துல ரெயில்ல உள்ள எண்ணை எழுதி வச்சுக்குங்க. ஜூமைத் தொட்டா எண் மாறும், 18லயே விட்டுடுங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்னன்னு கேப்பாங்க, அதுக்கும் தயாரா இருங்க.

இன்னொண்ணு, ஏர்கான் அறையில இருந்து நேரா வெளிய எடுத்தா லென்ஸ்ல பனி பிடிக்கும். பையை மூடி வச்சு அரை மணி கழிச்சுத் திறங்க.

ஈசூன் கேமரா:
போலரைசர் இல்லாமல், எஸ்பிளனேட் பக்கம் தரையில், மேனுவலில் எடுத்தேன். வானம் பட்டுத்துணிபோல வந்திருக்கிறது. தண்ணீர்க் கோடு நேர். அண்ணே, நன்றி.

இரண்டு சந்தேகம். சுற்றுலாப் படகு ஒன்று படத்தில் இரண்டு தடவை இருக்கிறது, ஒன்றில் பாதி உடம்பு. முன்னால் உள்ள கரை விளிம்பு நேர்க்கோடு, படத்தில் வாழைப்பழமாக வளைகிறது. இப்போதும் ஏதாவது சாய்ந்திருக்கிறதா?

மழைவிட்ட வானம்:
சாயல. தூரத்துத் தண்ணிக் கோடு நேரா இருக்கே, அதுவே சாட்சி. 170 டிகிரியை உருளையில சுத்தி விரிச்சா, கண் மட்டத்துக்குக் கீழ இருக்கிற கிட்டத்து நேர்க்கோடு வளையத்தான் செய்யும். நேர்க்கோட்டை நேராவே காட்டுற ரெக்டிலினியர் முறை 100, 120 டிகிரிக்கு மேல ஓரத்தை இழுத்துக் கெடுத்துடும். ஹூகின்னு படம் ஒட்டுற சாஃப்ட்வேர் இலவசம், அதுல பானினினு ஒரு முறை இருக்கு, போட்டுப் பாருங்க. வளைவு கொஞ்சம் அடங்கும். 24:65க்கு வெட்டும்போது கீழ்ப்பக்கத்துல அதிகமா எடுத்தா விளிம்பே போயிடும், எனக்கு அதான் பிடிக்கும்.

படகுக்கும் ஹூகின்லயே மாஸ்க் இருக்கு. பாதி உடம்பு இருக்கிற படத்துல படகைச் சுத்திக் கோடு போட்டு "விலக்கு"னு குறிச்சா, பக்கத்துப் படத்துல இருந்து தண்ணியை எடுத்துக்கும். அதுக்கு அந்த இடம் ரெண்டு படத்துலயும் இருக்கணும், அதான் மூணுல ஒரு பங்கு மேலேறணும்கிறது. அடுத்த தடவை படகு போற திசைக்கு எதிர்த் திசையில கேமராவைத் திருப்பிக்கிட்டு வாங்க, ரெட்டை விழுறது குறையும். 8 மணி லேசர் காட்சிக்குள்ள முடிச்சிடுங்க, ஒளிக்கற்றை ஒட்டுல வெட்டுப்பட்டா ஒட்டவே ஒட்டாது.

காரிடார் அக்கா:
மண்டபத்துக்குப் போறப்ப ஆபீஸ்ல முன்னாடியே கேட்டுக்குங்க. பூசை இல்லாத நேரமா, டிரைபாட் காலுக்கு ரப்பர் போட்டு, தரையில கோடு விழாம. சன்னதி விளக்கும் வாசல் வெளிச்சமும் ஒரே அளவுல அடங்காது, ஒவ்வொரு கோணத்துலயும் வெளிச்சம் மாத்தி மூணு மூணா எடுங்க. மூணும் எடுத்து முடிச்சப்புறம்தான் அடுத்த கோணத்துக்குத் திருப்பணும்.

ஈசூன் கேமரா:
சரி அக்கா. ரெயிலும் கிளாம்பும் சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். பிரிண்ட்டுக்குக் கண்ணாடி போடலாமா?

ஃபிலிம் காலத்து ஆள்:
ஹாலில் எதிரே ஜன்னல் இருந்தால் வேண்டாம். மேட் தாளில் போட்டுக் கெட்டிப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். முழு நீளத்துக்கு முன்னால், ராஃபிள்ஸ் பிளேஸ் பகுதியை மட்டும் ஏ4 அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட். அந்தி நீலம் தாளில் திரையைவிட இருட்டாகத்தான் வரும்.